நிலாக்கல்லும் சந்திரகாந்தமும்

ஒரு சொல்லின் கீழ்ப் பல பொருள்கள் குடியிருத்தல் நம் மொழிக்குப் புதிதன்று. 'மா' என்னும் ஓரெழுத்தொருமொழி விலங்கையும், மரத்தையும், அரைத்த மாவையும் குறித்து நிற்கின்றது. அதனால் குதிரையை மரமென்று மயங்கியவர் எவருமிலர். ஆனால் இரு பொருள்களுள் ஒன்று கையில் எடுத்து நிறுக்கத் தக்கதாயும், மற்றொன்று கவிஞர் நாவிலன்றி வேறெங்கும் வாழாததாயும் இருந்து, இரண்டும் ஒரே பெயரை அணிந்து ஒரே கடைவீதியில் உலவத் தொடங்கின், மயக்கம் விளையாமற் போகாது. சந்திரகாந்தக் கல் என்னும் பெயருக்கு நேர்ந்திருப்பது இதுவே. ஆங்கிலத்தில் மூன்ஸ்டோன் என வழங்கும் மணியைத் தமிழிற் குறிக்க வேண்டுமிடத்துப் பத்திரிகை எழுதுவோரும் நகை விற்போரும் சிறிதும் தயங்காமல் 'சந்திரகாந்தக் கல்' என்று எழுதிவிடுகின்றனர். இது தகாதென்பதும், அம்மணிக்கு 'நிலாக்கல்' என்னும் எளிய பெயரே பொருந்துமென்பதும், சந்திரகாந்தத்தைக் கவிஞரிடமே விட்டுவிடல் வேண்டுமென்பதும் நம் கருத்து.

கவிஞர் கூறும் சந்திரகாந்தம் யாது? திங்களின் கதிர் பட்ட மாத்திரத்தில் உருகி நீர் கசியும் கல் அது. காளிதாசன் தன் மேகதூதத்தில் அளகாபுரியின் மாளிகைகளில் இக்கல்லை நூல்வலையிற் கோத்துத் தொங்கவிட்டு, நள்ளிரவில் அதினின்று சொட்டும் துளிகளால் மகளிரின் மெய்வருத்தம் தணிவதாகப் பாடியுள்ளான். நம் பிற்காலப் புலவர்களும் நகர வருணனையில் இக்கல்லைப் பதித்து மகிழ்ந்தனர். இதன் உடன்பிறப்பாகிய சூரியகாந்தம் ஞாயிற்றின் கதிர் பட்டால் தீ உமிழும். வடமொழியிற் 'காந்தம்' என்பது விரும்பப்பட்டது என்னும் பொருளுடையது. திங்களின் காதலுக்குரிய கல் சந்திரகாந்தம்; இரும்பின் காதலுக்குரிய கல் அயஸ்காந்தம். தமிழிலோ காந்தம் என்றவுடன் இரும்பை இழுக்கும் கல்லொன்றே நினைவுக்கு வருதலால், இக்கால மாணவர் செவியிற் சந்திரகாந்தம் நிலவையே இழுக்கும் கல்லாக ஒலிக்கின்றது. இதுவும் ஓர் அழகே; அது நிற்க.

இனி, மண்ணினின்று தோண்டி எடுக்கப்படும் கல்லை நோக்குவோம். நிலாக்கல் பெல்ஸ்பார் என்னும் இனத்தைச் சார்ந்தது. இப்பெயர் ஜெர்மானிய மொழியினின்று வந்தது. வயலிற் கிடக்கும் பிளவுக்கல் என்பது அதன் பொருள். பூமியின் மேலோட்டிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு இவ்வினத்துக் கனிகளாலேயே ஆகியது. நம் வீட்டு அம்மியையும், கோயில் தூணையும், ஊர்ப்புறத்துப் பாறையையும் உற்று நோக்கினால் கறுப்புப் பொட்டுகளுக்கிடையே வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ தோன்றும் மணிகளுட் பெரும்பாலன பெல்ஸ்பாரே. வைரத்தையும் மாணிக்கத்தையும் போல அரிய குலத்திற் பிறந்ததன்று நிலாக்கல்; நாம் நாள்தோறும் மிதித்து நடக்கும் கல்லின் நெருங்கிய உறவினமே அது. அங்ஙனமாயின் அதற்கு மட்டும் அவ்வொளி எங்ஙனம் வந்தது?

மணலின் சத்தாகிய சிலிகாவும் அலுமினாவும் எல்லாப் பெல்ஸ்பாருக்கும் பொது. இவற்றோடு பொட்டாசியம் சேரின் ஒருவகை, சோடியம் சேரின் மற்றொரு வகை, கால்சியம் சேரின் வேறொரு வகை. பூமியின் ஆழத்தில், பாறைக்குழம்பு மிகுந்த வெப்பத்தோடிருக்கும் காலத்தில், பொட்டாசியமும் சோடியமும் ஒரே படிகத்தில் வேற்றுமையின்றிக் கலந்து உறைகின்றன. வெப்பம் தணியத் தணிய அவ்வொற்றுமை நிலைப்பதில்லை. பொட்டாசிய அணு பருமனில் மிக்கது. சோடிய அணு சிறியது. வெப்பத்தால் விரிந்திருந்த வீட்டில் இரண்டும் இடம் பெற்றிருந்தன. வீடு சுருங்கியதும் ஒன்றையொன்று பொறுக்கலாற்றாமற் பிரிகின்றன. வியப்பென்னவெனில், இப்பிரிவு கல் இறுகிய பின்னர், கல்லுக்குள்ளேயே நிகழ்கின்றது. குழம்பு விரைவில் ஆறிவிட்டால் பிரிவதற்கு அவகாசமில்லை. எண்ணற்ற ஆண்டுகளாக மெல்ல மெல்ல ஆறினாலோ, பொட்டாசிய வகையும் சோடிய வகையும் ஏட்டுச்சுவடியின் ஏடுகள் போல மாறிமாறி அடுக்கப்பெற்ற மெல்லிய படலங்களாகின்றன.

இப்படலங்களின் மென்மையைச் சிறிது கூற வேண்டும். ஒளியலையின் நீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் 2000இல் ஒரு பங்கு. நிலாக்கல்லின் படலங்களின் தடிப்பும் அவ்வளவினது அல்லது அதினுங் குறைந்தது. கல்லினுட் புகும் ஒளி ஒவ்வொரு படலத்தின் எல்லையிலும் சிறிது சிறிதாகச் சிதறுகின்றது. அச்சிதறல்களெல்லாம் கூடி, கல்லின் மேற்பரப்பிலன்றி அதற்குச் சற்று உள்ளே, கிணற்று நீருள் நிலவு கிடப்பது போன்ற ஒரு வெண்ணொளியைத் தோற்றுவிக்கின்றன. படலங்கள் பெரியனவாயின் அவ்வொளி பால்போல் வெளுத்திருக்கும். மிக நுண்ணியனவாயின் நீலம் பூக்கும். நண்பகலில் வானம் நீலமாகத் தோன்றுதற்கு யாது காரணமோ அதனோடு உறவுடையதே இதுவும்: நுண்ணிய பொருள்கள் ஒளியின் குறுகிய அலைகளையே மிகுதியாகச் சிதறடிக்கின்றன.

படலங்கள் யாவும் ஒரு திசையையே நோக்கி அடுக்கப்பெற்றிருத்தலால், ஒளியும் ஒரு திசையிலிருந்து நோக்குவார்க்கே புலனாகும். கல்லைச் சற்றே சாய்த்தால் ஒளி நழுவி ஓடும். மேலுஞ் சாய்த்தால் மறைந்துவிடும். எனவே கல்லிழைப்பவன் முதற்கண் அத்திசையை அறிதல் வேண்டும். அறிந்து, கல்லின் அடியை அதற்கிசைய வெட்டி, மேற்புறத்தைப் பட்டை தீட்டாமற் குவிந்த முதுகாக இழைப்பானாயின், ஒளி நடுவில் வந்து நிற்கும். திசை தவறினால் விலை பெற வேண்டிய கல் கூழாங்கல்லோடு ஒத்ததாகிவிடும். அன்றியும், இக்கல்லை மிக்க வெப்பத்தில் நெடுநேரம் வைத்தால், பிரிந்த இரண்டும் மீண்டும் கலந்து, படலங்கள் அழிந்து, ஒளி குன்றிவிடும். அளவும் நிறையும் சேர்ந்த பொருள்களும் முன்போலவே இருக்கும். அடுக்கு மட்டும் குலையும். அதனோடு நிலவும் போய்விடும்.

இலங்கையின் நிலாக்கல்லைக் குறித்து ஸ்பென்சர் என்னும் அறிஞர் 1930இல் விரிவான ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று வெளியிட்டார். அதற்கு 20 ஆண்டுகளுக்குப் பின்னர், 1950இல், சர் சி. வி. இராமன் தம் மாணாக்கருடன் கூடி இதே கல்லின் அமைப்பையும் ஒளியையும் ஆராய்ந்து வெளியிட்டார். திருச்சிராப்பள்ளியையடுத்த திருவானைக்காவிற் பிறந்து, 1921இற் கடற்பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலங்கண்டு அதன் காரணத்தை நாடிப் புறப்பட்டு, 1930இல் நோபெல் பரிசு பெற்ற அப்பெரியார், அறுபதாம் ஆண்டைக் கடந்த பின்னும் ஒரு சிறு கல்லின் நீலத்துக்காகக் காத்திருந்தார். தமிழ் நாட்டிற் பிறந்த ஒருவர் இக்கல்லின் உண்மையைத் தேடி அலைந்திருக்க, தமிழ் கற்கும் நாம் அதன் பெயரைக்கூடச் செவ்வையாக வழங்காதிருத்தல் நாணத்தக்கது.

கிடைக்குமிடங்களைச் சொல்வோம். பெயர் பெற்ற நீல நிலாக்கல் இலங்கையின் தென்பகுதியில், காலி மாவட்டத்து அம்பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள மீட்டியாகொடை என்னுஞ் சிற்றூரிற் கிடைத்தது. அங்கே பெல்ஸ்பார்ப் பாறை நீண்டகாலம் நீரூறிச் சிதைந்து வெண்களிமண்ணாகிவிட்டது. அக்களிமண்ணைக் குழி வெட்டித் தோண்டி, ஊறும் நீரை இறைத்து, சிதையாது எஞ்சிய துண்டுகளைக் கழுவிப் பொறுக்குவர். இவ்வெண்களியே கயோலின் எனப்படுவது. பீங்கான் செய்தற்கு உதவுவது. ஒரே பாறையில் நீருக்குத் தோற்ற பகுதி தேநீர்க் கோப்பையாகின்றது. தோலாது நின்ற பகுதி மோதிரக் கல்லாகின்றது. மிகச் சிறந்த நீலக்கல் அங்கே இப்பொழுது அருகிவிட்டது.

நம் நாட்டில் இக்கல்லுக்குப் பேர்போன இடம் காங்கேயம். காங்கேயம் என்றவுடன் எல்லாருக்கும் காளையே நினைவுக்கு வரும். கல் எவருக்கும் வருவதில்லை. வெண்மை, சாம்பல், பழுப்பு, செம்பழுப்பு எனப் பல நிறமேனியுடைய நிலாக்கற்கள் அப்பகுதியிற் கிடைக்கின்றன. சிலவற்றில் ஒளி பூனைக்கண் போல ஒரே கோடாக ஓடும். அரிதாய்ச் சிலவற்றில் நான்கு கதிர் விரிந்த விண்மீன் போலத் தோன்றும். காங்கேயத்துக்கு அருகேயுள்ள படியூர் பெரில் என்னும் நீலப்பச்சை மணிக்குப் பெயர் பெற்றது. நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் அம்மணியும், பளிங்கும், சூதுபவளமும் அறுத்து இழைத்த பட்டறைகளின் தடயங்கள் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்திற் கொடுமணம் என வருவது இவ்வூரே என்பர். நாமோ அப்பாட்டைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து, அருஞ்சொற்பொருளில் 'ஓர் ஊர்' என்று எழுதி மதிப்பெண் வாங்கி விடுகிறோம். மணி என்ற சொல் வருமிடமெல்லாம் 'ஒருவகைக் கல்' என்று உரையெழுதும் வழக்கம் நம்மிடையே உள்ளவரை, எந்தக் கல்லுக்கு எப்பெயர் என்ற கேள்வி நமக்கு எழப்போவதில்லை.

பெயர் மயக்கம் தமிழுக்கு மட்டும் உரிய குறையன்று. ஆங்கிலத்தில் அது இன்னும் மிகுதி. அநுராதபுரத்தில் பௌத்தக் கட்டடங்களின் வாயிற்படியில் யானையும் குதிரையும் சிங்கமும் எருதும் அரைவட்டமாகச் செதுக்கப்பெற்ற கற்பலகையை ஆங்கிலேயர் மூன்ஸ்டோன் என்றே வழங்கினர். அதற்கும் மணிக்கும் உறவொன்றுமில்லை. இலங்கைத் தமிழர் அதனைச் சந்திரவட்டக்கல் எனத் தெளிவாக வேறுபடுத்தினர். வில்கி காலின்ஸ் 1868இல் எழுதிய 'மூன்ஸ்டோன்' என்னும் புகழ்பெற்ற நாவலைப் படிப்பவர் பலர் அதில் வரும் கல் நிலாக்கல்லே என்று கருதுகின்றனர்; அதுவோ சீரங்கப்பட்டணத்துக் கொள்ளையில் அகப்பட்டதாகக் கதை கூறும் மஞ்சள் வைரம். கிரேக்கரும் உரோமரும் திங்களோடு வளர்ந்து தேய்வதாக நம்பிய கல்லின் பெயரோ 'செலினைட்' என்று திரிந்து, இன்று நகத்தாற் கீறத்தக்க ஜிப்ஸத்துக்கு உரியதாய்விட்டது. பழங்கதைக் கல்லின் பெயரை உண்மைக் கல்லொன்றுக்குச் சூட்டினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

லாப்ரடோரைட் என்னும் மற்றொரு பெல்ஸ்பாரையும் இங்கே கூறாதிருத்தல் இயலாது. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் லாப்ரடோர் என்னும் பனிநிலத்தில், நெயின் என்ற ஊரையடுத்த தீவில், மொரேவிய சபையின் மிஷனரிமார் 1770ஆம் ஆண்டையொட்டிக் கண்டு ஐரோப்பாவுக்கு அனுப்பியது அது. (இச்சபையார் 1760இல் நம் தரங்கம்பாடியிலும் வந்திறங்கி, நாற்பதாண்டுகளுக்கு மேல் தங்கியிருந்தனர். அங்கே அவர்கள் கண்ட கல் யாதென்று தேடுவார் எவருமிலர்.) கருமை படர்ந்த அக்கல்லைத் திருப்பினால் மயிற்கழுத்தின் நீலமும் பசுமையும் பொன்னிறமும் திடீரென எரிந்து அணையும். அதனுள்ளும் படலங்களே உள்ளன, ஆயினும் அவை சோடியமும் கால்சியமும் பிரிந்து ஆகியவை, ஒழுங்கு மிக்கவை, ஆகவே சோப்புக் குமிழியிற் போல வண்ணங்கள் தனித்தனியே தோன்றுகின்றன. அதைக் கண்டவர் பழங்கதை எதையுந் தேடாமல், கண்ட நாட்டின் பெயரையே இட்டனர். இன்று கடைகளில் 'வானவில் நிலாக்கல்' என்று விற்கப்படுவது இந்த லாப்ரடோரைட்டின் நிறமற்ற வகையே. அழகிற் குறைந்ததன்று, எனினும் பெயர் பொய்.

நம் கருத்தை மறுப்பார் இரு திறத்தார் உளர். பண்டிதருட் சிலர், "கவிஞர் காணாததைப் பாடுவரோ? அவர் கண்டது இக்கல்லையே, இது தொட்டால் தண்ணென்றிருக்கும், பனியிரவில் இதன்மேல் நீர் படியும், அதனையே உருகுவதாகப் பாடினர்" என்பர். தண்ணென்றிருத்தல் எல்லாக் கல்லுக்கும் இயல்பு. பனியும் எல்லாக் கல்லின்மேலும் படியும். அம்மியும் அப்பொழுது சந்திரகாந்தமாதல் வேண்டும். நிலாக்கல்லின் ஆக்கத்தில் நீரென்பது இல்லை. அது உருக வேண்டுமாயின் 1000 பாகை சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும்; முழுமதி நாளில் அது கிட்டாது.

விஞ்ஞானம் கற்கும் நம் தோழர்களோ மறுபுறம் நின்று நகைக்கின்றனர். "உங்கள் புலவர் கூறிய கல் உருகவில்லை, ஆகவே உங்கள் காவியம் பொய்" என்பது அவர் வாதம். நாம் அவரைக் கேட்பது இது: நீரைப் பிரித்துப் பாலை உண்ணும் அன்னத்தையும், நிலவை உண்டு வாழும் சகோரத்தையும், யாழிசைக்கு மயங்கும் அசுணத்தையும் நீவிர் விலங்கு நூலிற் தேடினீரோ? அவை புலவருலகின் பிராணிகள். அவ்வுலகின் சட்டத்துக்குட்பட்டு வாழ்கின்றன. சந்திரகாந்தமும் அவ்வுலகின் கல். அதனைப் பெல்ஸ்பாரின் தலையில் ஏற்றிய பின்னரே அது பொய்யாகின்றது. இரு திறத்தாரும் இரண்டு கல்லை ஒன்றென்று கொண்டமையாலேயே இவ்வழக்கு எழுந்தது. பெயரைப் பிரித்தால் வழக்குத் தீர்ந்தது.

"நிலாக்கல் என்பது ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்புத்தானே" என்பாரும் உளர். ஆகுக. நிலாவும் நம்முடையது, கல்லும் நம்முடையது, அவ்விரண்டையும் சேர்க்க எவருடைய உத்தரவும் வேண்டுவதில்லை. பாட்டி முதல் பேரன் வரை கேட்டவுடன் விளங்கும் பெயர் அது.

இது வெறுஞ் சொல்வழக்கு என்று எண்ணுவோர் கடைவீதிக்குச் செல்க. நம் விடுதித் தோழர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு கடையில் 'சந்திரகாந்தக் கல்' மோதிரம் வாங்கி வந்தார். மனச் சஞ்சலம் தீரும், பரீட்சைப் பயம் ஒழியும் என்றெல்லாம் விற்றவர் கூறினாராம். காவியங்களிற் சொன்ன கல் என்று சான்றும் காட்டினாராம். அதனைச் சாளரத்தண்டை பிடித்து நோக்கினோம். எப்பக்கம் சாய்த்தாலும் நீலம் ஒரே படியாக நின்றது. ஊடே நோக்கின் ஆரஞ்சு நிறமாயிருந்தது. உண்மை நிலாக்கல்லின் ஒளி நகரும். கல்லுக்குள் உருப்பெருக்கியால் நோக்கினால் பூரானைப் போன்ற கால்கள் பல கொண்ட சிறு வெடிப்புகளும் சிலவற்றிற் காணலாம். தோழரின் கல்லில் இருந்தவை காற்றுக் குமிழிகளே. அது கண்ணாடி. அவர் இழந்தது ஒரு மாதத்து உணவுப் பணம். நிலாக்கல் என்று கேட்டிருந்தால் ஏமாற்றம் நேராது என்று நாம் கூறவில்லை. ஆனால் அவ்வளவு விலைக்கு அவரை இணங்கச் செய்தது கல்லன்று, பெயரே. நவமணிகளுள்ளும் திங்களுக்குரியதாக முத்தே சொல்லப்பட்டிருக்க, அங்கே இடமில்லாத ஒரு கல்லுக்குக் காவியப் பெயரே நற்சாட்சிப் பத்திரமாயிற்று.

உண்மைக் கல்லை வாங்குவோரும் சிலவற்றை அறிதல் நன்று. இதன் கடினம் 6 என்பர். தெருப்புழுதியிலுள்ள மணலின் கடினமோ 7. ஆகவே நாள்தோறும் அணியும் மோதிரத்தில் இது விரைவில் மங்கும். காதணிக்கும் பதக்கத்துக்குமே ஏற்றது. ஏறக்குறைய ஒன்றற்கொன்று செங்குத்தான இரு திசைகளில் எளிதிற் பிளக்கும் இயல்பும் இதற்குண்டு. தரையில் விழாமற் காத்தல் வேண்டும். இவற்றைக் கடைக்காரர் சொல்வதில்லை, காவியமும் சொல்வதில்லை.

தமிழ் மாணவரும் விஞ்ஞான மாணவரும் ஒரே மரநிழலில் நடந்து, ஒரே மணிக்குச் செவிசாய்த்து, வெவ்வேறு வாயில்களிற் புகுந்து வெவ்வேறு மொழிகளிற் பேசி வெளிவருகின்ற இந்நிலையில், இத்தகைய சிறு வேலைகளையாவது கூடிச் செய்தல் இயலும் என்று நாம் கருதுகிறோம். நம் கல்லூரிக் கற்பேழையில் நிலாக்கல் துண்டொன்று ஆங்கிலச் சீட்டோடு நெடுநாளாய்க் கிடக்கின்றது. ஆசிரியர் இசைவளித்தால் அதனடியில் தமிழ்ச் சீட்டொன்றும் வைக்கலாம். அதில் எழுத வேண்டியன இவ்வளவே: 'நிலாக்கல், பெல்ஸ்பார் இனம், காங்கேயம். சாளரப் பக்கம் நின்று சாய்த்து நோக்குக.'